ஆயிரத்து நூற்று நாற்பது மன்னிப்பு

என் மனைவி சிப் வடிவமைக்கிறவள் என்று யாரிடமாவது சொன்னால், உடனே பையிலிருந்து பழுதான போனை எடுத்து நீட்டுவார்கள். என் தங்கை இரண்டு முறை நீட்டியிருக்கிறாள். "அண்ணி, சார்ஜே ஏற மாட்டேங்குது, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்." இவளும் முகம் சுளிக்காமல் வாங்கி, சார்ஜர் சொருகும் துளையில் அடைத்திருக்கும் பஞ்சைக் குண்டூசியால் நோண்டி எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். போன் பிழைத்துக்கொள்ளும். தங்கை அண்ணியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். இருபது வருஷ உத்தியோகத்தில் இவள் கை பட்டு ஒரு பொருள் வேலை செய்ததை எங்கள் குடும்பம் பார்த்தது அந்த இரண்டு தடவைதான். இதை நான் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஒருவர் வந்தால் சாயங்காலம் அவர் மூக்கில் கண்ணாடி உட்கார்ந்திருக்கும். எதிரே வரும் பேருந்தின் எண் தெரிகிறது என்று சந்தோஷமாகப் போவார். தப்பாகச் செய்துவிட்டால் மறுநாளே வந்து சண்டை போடுவார். என் தொழிலில் நல்லதும் கெட்டதும் ஒரு நாளில் தெரிந்துவிடும். அவள் தொழிலில் ஒன்பது வருஷம் ஆயிற்று.

அவள் வேலையை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ட்ரான்சிஸ்டர் என்பது ஒரு தண்ணீர்க் குழாய் மாதிரி. திறந்தால் மின்சாரம் ஓடும், மூடினால் நிற்கும். குழாயைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், மூடிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சொட்டுத்தான் அவர்களுக்கெல்லாம் தலைவலி. அதற்காக ஒரு புது வகை வந்தது. மின்சாரம் ஓடும் பாதையை மெல்லிய தாள்களாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு தாளையும் நாலு பக்கமும் சுற்றிப் பிடிக்கிற வகை. "மூணு பக்கம் பிடிச்சா நழுவிடும், நாலு பக்கமும் பிடிச்சாத்தான் நிக்கும்" என்பாள். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இவை ஆயிரத்துக்கு மேல் வரிசை கட்டி நிற்குமாம். கண்ணாடிக் கடைக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவள், எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரியாத வேலையைத் தேடிப் பிடித்திருக்கிறாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அவள் அந்த ட்ரான்சிஸ்டரை வைத்து சர்க்யூட் போட ஆரம்பித்தபோது அப்படி ஒரு ட்ரான்சிஸ்டரே கிடையாது. தொழிற்சாலைக்காரர்கள் ஒரு கோப்பு அனுப்புவார்கள். 'நாங்கள் செய்யப்போகிற ட்ரான்சிஸ்டர் இப்படி இப்படி நடந்துகொள்ளும் என்று நினைக்கிறோம்' என்பது அதன் சாரம். அதை நம்பி இவள் சர்க்யூட் போடுவாள். எட்டு மாதம் கழித்து அடுத்த கோப்பு வரும். 'நாங்கள் நினைத்தது தப்பு, இப்போது இப்படி நினைக்கிறோம்.' போட்டதெல்லாம் குப்பைக்குப் போகும், மறுபடி முதலிலிருந்து. இன்னும் பிறக்காத ஆளுக்குச் சட்டை தைக்கிற வேலை என்று கிண்டல் செய்தேன். "பிறக்கறப்போ சட்டை தயாரா இருக்கணும் இல்லையா?" என்றாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் உண்டு.

அவள் போட்டது ஒரு ஞாபக சர்க்யூட். ஒன்றா சைபரா என்ற ஒரே ஒரு சங்கதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அதன் கடமை. ஆனால் பேட்டரி சாகப்போகிற நேரத்தில் வருமே கொஞ்சூண்டு மின்சாரம், அதிலும் மறக்கக் கூடாது. மற்ற சர்க்யூட்டெல்லாம் பாதி மின்சாரத்திலேயே கைவிட்டுவிடும். இது கால் பங்கிலும் தாங்கும் என்று அவள் கணக்குச் சொன்னது. அதற்கு முன் பதினோரு வருஷம் அடுத்தவர் சர்க்யூட்டின் ஓரத்தையும் மூலையையும் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். இது ஒன்றுதான் அவளுக்கே தோன்றி, அவளே கேட்டு வாங்கி, அவளே போட்டது. எங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் ஆரம்பித்தாள். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, "அம்மா, உன் சிப்பு நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள வந்துடுமா?" என்று கேட்டாள். வாயை என்னிடமிருந்தும் பிடிவாதத்தை அவளிடமிருந்தும் வாங்கிக்கொண்டு பிறந்த பெண்.

அவளுடைய மேலதிகாரிக்கு நாங்கள் வீட்டில் வைத்திருந்த பெயர் 'பார்க்கலாம்'. அவளைவிட ஆறு வயது சின்னவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்பார், அதற்குமேல் பார்க்க மாட்டார். சிப்பைச் சோதனைக்காகத் தயாரிப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற செலவாம். ஆகவே பல குழுக்கள் சேர்ந்து ஒரே சிலிக்கான் தட்டில் ஆளுக்கொரு துண்டு இடம் பிடித்துக்கொள்வார்கள், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. தேதி தவறினால் அடுத்த நடைக்கு அரை வருஷம் காத்திருக்க வேண்டும். மூன்று நடை இவளுடைய துண்டை எடுத்துவிட்டுப் பெரிய குழுவுக்குக் கொடுத்தார்கள். நாலாவது நடைக்கு இடம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. இந்தச் சிப் வேலை செய்தால் அவளுடைய சர்க்யூட் கம்பெனியின் எல்லாச் சிப்பிலும் ஏறும். செய்யாவிட்டால் அந்த யோசனையை அத்தோடு மூடிவிடுவார்கள். இன்னொரு நடை கிடையாது, ஏனென்றால் தொழிற்சாலை அடுத்த வகை ட்ரான்சிஸ்டருக்கு மாறப்போகிறது.

கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு பெரிய குழு தங்களுக்கு இடம் போதவில்லை என்று மூக்கால் அழுதது. பார்க்கலாம் இவளிடம் வந்து நின்றார். "மேடம், உங்க பிளாக்கைக் கொஞ்சூண்டு இடது பக்கம் தள்ளிக்க முடியுமா?" தள்ளினாள். திரையில் சர்க்யூட்டை வளைத்துத் தேர்ந்தெடுத்து நகர்த்துவது ஒரு நிமிஷ வேலை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இந்தப் புது வகையில் மின்சாரம் கொண்டு வரும் கம்பிகள் சிப்பின் முன்பக்கம் இருக்காது, முதுகுப்பக்கம் ஓடும். முதுகிலிருந்து ஒரு குட்டித் துளை வழியாக உலோகம் ஏறி வந்து ட்ரான்சிஸ்டரைத் தொட வேண்டும். திரையில் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிறம். நாற்பது ஐம்பது அடுக்கையும் ஒரே நேரத்தில் பார்த்தால் கலர் பொடிக் கடை மாதிரி இருக்கும், ஒன்றும் விளங்காது. அதனால் வேண்டாத அடுக்கை மறைத்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். மறைத்து வைத்த அடுக்கு, நகர்த்தும்போது கூட வராது. எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவளுக்கும் தெரியும். முதுகுப்பக்கத்து அடுக்கை எல்லாம் திறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் நகர்த்தினாள். ஒன்று திறக்கவில்லை.

அதற்குப் பிறகு சரிபார்ப்பு. அதற்கென்று ஒரு மென்பொருள் இருக்கிறது, தப்பு இருந்தால் பட்டியல் போட்டுக் கொடுக்கும். ஆனால் அது பழைய வகைக்காக எழுதப்பட்டது. அதற்கு முதுகு தெரியாது. ஆகவே முதுகிலிருந்து மின்சாரம் வாங்கும் ஒவ்வோர் இடத்தையும் பார்த்து 'இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை' என்று கத்தும். அவளுடைய துண்டில் ஆயிரத்து நூற்று நாற்பது கத்தல். அவ்வளவும் பொய்க் கத்தல் என்று எல்லாரும் அறிவார்கள். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெரிந்ததே, பாதகமில்லை' என்று எழுதி, எழுதினவர் முதலெழுத்துப் போட வேண்டும். அதற்குக் கீழே மேலதிகாரி கையெழுத்து. ஆபீசில் இதற்கு வெய்வர் என்று பெயர். எங்கள் வீட்டில் மன்னிப்பு.

அந்தப் பதினோரு நாளும் வீட்டில் அதே பேச்சு. "இன்னிக்கு எத்தனை பேரை மன்னிச்ச?" என்று மகள் கேட்பாள். "நூத்திப் பத்து." "எனக்கு மட்டும் ஒரு தடவை கூட மன்னிக்கறதில்லை." ஒரு நாள் மத்தியானம் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் கொடுத்தேன். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எல்லாமே பொய்யின்னு தெரியுது இல்ல? மொத்தமா ஒரே கையெழுத்துப் போட்டுட்டு வர வேண்டியதுதானே?"

"மத்தவங்க அப்படித்தாங்க போடறாங்க. நான் ஒண்ணொண்ணா பார்த்துடறேன். ஒன்பது வருஷம் பொறுத்தாச்சு, பதினோரு நாள்ல என்ன வந்துடப்போகுது?"

உண்மையிலேயே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எந்தெந்த இடத்தில் முதுகிலிருந்து உலோகம் ஏறுகிறது என்று தன் கையாலேயே ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தாள். மென்பொருள் கத்தும் ஒவ்வோர் இடத்தின் பெயரையும் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டாள். ஆயிரத்து நூற்று நாற்பதும் பட்டியலில் இருந்தன. எழுதி, கையெழுத்துப் போட்டு, அனுப்பிவிட்டாள். அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூவரும் பூங்காவுக்குப் போய், படகில் ஏறிச் சுற்றி வந்தோம். அவள் தூங்கி வழிந்தாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஐந்து மாதம் கழித்துச் சிப் வந்தது. கறுப்புத் தட்டில் இருபத்து நாலு துண்டு, ஒவ்வொன்றும் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. அளவெடுக்கிற அறையில் இருப்பவர் தலை நரைத்த, பேச்சு குறைந்த மனிதராம். ஊசிகளை இறக்கி மின்சாரம் கொடுத்தார். சைபர். அடுத்த துண்டு, அதுவும் சைபர். இருபத்து நாலிலும் சொட்டுக்கூட ஓடவில்லை. பக்கத்து இடங்களில் மற்றக் குழுக்கள் போட்டிருந்ததெல்லாம் ஜோராக ஓடின. "ஊசி சரியா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க சார்" என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் பொறுமையாக எல்லாவற்றையும் எடுத்து மறுபடி இறக்கிக் காட்டினாராம். "மூணு தடவை செஞ்சார்ங்க, பாவம்" என்றாள் வீட்டுக்கு வந்து. தனக்காக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் அவருக்காகப் பரிதாபப்பட்டாள்.

மூன்று வாரம் தேடினாள். கணக்கில் தப்பா, கோப்பில் தப்பா, அந்தத் தாள்தாளான ட்ரான்சிஸ்டர் இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் விழித்துக்கொள்ளவே இல்லையா? பார்க்கலாம் அதற்குள் பொறுமை இழந்துவிட்டார். காலாண்டு முடிகிறது, மேலே அறிக்கை போயாக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஆபீசுக்குப் போனவள் பதினொரு மணிக்கெல்லாம் நேரே என் கடைக்கு வந்தாள். கடையில் யாரும் இல்லை. கண் பரிசோதிக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். முகம் செத்துக் கிடந்தது.

"கண்டுபிடிச்சிட்டேங்க."

"என்னது?"

"என் சர்க்யூட்டுக்குன்னு தனியா ஒரு மின்சார வழி வெச்சிருந்தேன், எவ்வளவு குடிக்குதுன்னு அளக்க. அதுக்கு முதுகுலேர்ந்து ஏற ஒரே ஒரு துளைதான், அதுவும் தனி அடுக்குல. அந்த அடுக்கைத் திறக்காம விட்டிருக்கேன். பிளாக்கை நகர்த்தினப்போ அது கூட வரலை. பழைய இடத்துலயே நின்னுடுச்சு. சர்க்யூட் இங்க, துளை அங்க."

"அந்த மென்பொருள் சொல்லலையா?"

"சொல்லுச்சு. எண்ணூத்தி எழுபத்தி ஒண்ணாவது. இணைப்பு இல்லைன்னு சொல்லுச்சு. ஆயிரத்து நூத்தி நாப்பதுல அது ஒண்ணுதான் நிஜம். நான் மன்னிச்சிட்டேன்."

"நீதான் பட்டியலோட ஒப்பிட்டியே?"

"பட்டியல் நகர்த்தறதுக்கு முந்தின வாரம் எடுத்தது."

ஒப்பிட்டவள் இவள் ஒருத்திதான். தேதி பழையது, அவ்வளவுதான். ஒட்டுப்போட முடியாதா என்று கேட்டேன். முதுகைச் சுரண்டினால் தாளெல்லாம் கிழிந்துவிடும் என்றாள். அப்போது அவள் முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்தது, அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏங்க, அப்படின்னா சர்க்யூட் தப்பில்லை. அதுக்கு மின்சாரமே போகலை. கொடுத்திருந்தா வேலை செஞ்சிருக்கும். திங்கட்கிழமை போய்ச் சொல்லிடறேன்."

நான்தான் வேண்டாம் என்றேன். இதை மறைக்க விரும்பவில்லை. "உன் கையெழுத்து இருக்கு. உன் தலையிலதான் கட்டுவாங்க. இருபது வருஷம் வேலை பார்த்தவளை வாசல்ல நிறுத்திடுவாங்க. யாருக்கும் தெரியாது, விட்டுடு" என்றேன். அவள் என்னை அந்த நாற்காலியிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டுட்டா அந்த சர்க்யூட்டே முடியாதுன்னு எழுதிடுவாங்க. அது முடியும்ங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் இரண்டு நாளும் அதையேதான் சொன்னேன்.

திங்கட்கிழமை போய்ச் சொன்னாள். பார்க்கலாம் முழுவதும் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாராம். அறிக்கை வியாழக்கிழமையே மேலே போய்விட்டது என்றார். இரண்டு பக்கம். கடைசி வரி: 'இந்த அளவு குறைந்த மின்சாரத்தில் இந்த முறை சாத்தியமில்லை என்று தெரிகிறது.' தலைப்புக்குக் கீழே எழுதியவர்கள் பெயர். மரியாதைக்காக இவள் பெயரை முதலில் போட்டிருந்தார்.

"அந்தக் கடைசி வரியை மட்டும் மாத்திடுங்க" என்று கேட்டிருக்கிறாள். "தப்பு என்னோடதுன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

"மேடம், வெய்வர்ல உங்க எழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்கு. எனக்கு ரெண்டு பசங்க. மாத்தினா மட்டும் இன்னொரு நடை தரப்போறாங்களா? அந்த ட்ரான்சிஸ்டரையே நிறுத்தியாச்சு."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. அவருக்கும் மேலே இருப்பவர்களுக்கு எழுதிப் போட்டாள். கிணற்றில் போட்ட கல். இரண்டாவது முறை எழுதினாள். 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. வேலையிலிருந்து யாரும் அவளை அனுப்பவில்லை. திட்டக்கூட இல்லை. அடுத்த வகை ட்ரான்சிஸ்டர் குழுவில் போட்டு, மற்றவர்கள் அனுப்பும் மன்னிப்புப் பட்டியல்களைப் படிக்கும் வேலை கொடுத்தார்கள். தினமும் போகிறாள், தினமும் வருகிறாள். வீட்டில் யாரும் இப்போது அந்தச் சொல்லை எடுப்பதில்லை. மகள் ஒரு நாள் மறந்து போய் "என்னை மன்னிச்சிடும்மா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

போன வாரம் பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஒருவர் அவர்கள் கூட்டத்துக்கு வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும், நல்ல மூளை என்றாள். அடுத்த வகை ட்ரான்சிஸ்டரில், கால் பங்கு மின்சாரத்தில் மறக்காமல் இருக்கும் ஒரு ஞாபக சர்க்யூட் போடலாம் என்று பத்துப் படம் காட்டினாராம். ஏறக்குறைய இவளுடையதேதான். திருடவில்லை, அவருக்கே தோன்றியது. எட்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கலாம் தன் லேப்டாப்பில் அந்த இரண்டு பக்க அறிக்கையைத் திறந்து திரையில் காட்டினார். "இதை ஏற்கெனவே முயற்சி பண்ணிட்டோம். ஒன்பது வருஷம் இதே வேலையா இருந்தவங்க எழுதினது."

அந்த மனிதர் நிதானமாகப் படித்தார். கடைசி வரி வரைக்கும் படித்தார்.

அப்போதுதான் இவள் எழுந்திருக்கிறாள். இருபது வருஷத்தில் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியவள் இல்லை. "அந்த வரி தப்பு. சர்க்யூட்டுக்கு மின்சாரமே போகலை. நான் ஒரு துளையை விட்டுட்டேன். அது வேலை செய்யும்" என்றாள்.

வந்தவர் இவளை மரியாதையாகத்தான் பார்த்தாராம். "மேடம், வேலை செஞ்சதுக்கு ஏதாவது அளவு இருக்கா? ஒரே ஒரு துண்டுல இருந்தாக்கூடப் போதும்."

"இல்லை."

தாங்க்ஸ் சொல்லிவிட்டுத் தன் லேப்டாப்பை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே இதைச் சொன்னாள். பார்க்கலாமைத் திட்டினேன், மேலே இருப்பவர்களைத் திட்டினேன், வந்துவிட்டுப் போன அந்த மனிதரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு மனுஷி எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லும்போது காகிதத்தை நம்புகிறானே, அவனெல்லாம் ஒரு படித்தவனா என்றேன். அவள் நான் ஓயும்வரை காத்திருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவரை ஏங்க திட்டறீங்க? அவர் இடத்துல நான் இருந்தாலும் ரிப்போர்ட்டைத்தான் நம்பியிருப்பேன். அதுல என் பேர் இருக்கே."